வாத்தியார் அடைத்த ஓட்டைகள்

கண்ணாடி வாத்தியார் என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள யார் வந்து உட்கார்ந்தாலும், சாவியைத் திருப்புவதற்கு முன்பே "கண்ணாடியப் பாரு, கண்ணாடியப் பாரு" என்று உயிரை வாங்குவார். அதனால் வந்த பட்டம். பெற்றவர்கள் வைத்த பெயரை இந்நேரம் அவரே மறந்திருப்பார்.

அவருடைய டிரைவிங் ஸ்கூல் வீட்டு முன்னறைதான். ஒரு மேசை, கால் ஆடுகிற நாற்காலி, சுவரில் சாலைக் குறிகள் போட்ட வெளுத்த படம். வாசலில் ஒரே ஒரு கார். அதைப் பற்றி ஆரம்பித்தால் மனிதருக்கு வாய் ஓயாது. யாரோ ஓட்டித் தள்ளிய காரைத்தான் வாங்கினார். பேச்சைக் கேட்டால், தானே பெற்று வளர்த்தது போல இருக்கும்.

"நான் வாங்குனதுல இருந்து இந்த வண்டி ஒர்க்‌ஷாப் வாசல மிதிச்சதே இல்ல. எல்லாம் இந்தக் கை!" என்று கையைத் தூக்கிக் காட்டுவார்.

நல்ல கை. தினமும் காலையில் மஞ்சள் துணியை எடுத்துக் காரின் மேல்பக்கத்தைத் துடைக்கும். கூரை, கதவு, கைப்பிடி எல்லாம் பளபளவென்று மின்னும். மிதியடிக்குக் கீழே என்ன நடக்கிறது என்று அந்தக் கை ஒருநாளும் தூக்கிப் பார்த்ததில்லை. வெளியே மாப்பிள்ளைக் கோலம். கதவைத் திறந்தால், ஈரத் துணியைப் பெட்டியில் போட்டு மறந்துவிட்ட வாடை.

இந்த லட்சணத்தில் இருந்த காரில்தான் அவருடைய ஒரே மகள் ஓட்டிப் பழகினாள். நர்ஸ் படிப்பு முடித்தவள். நடமாட முடியாத நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்க்கிற வேலை ஒன்று, ஒரு கிளினிக்கில் கிடைத்தது. கார் அவர்கள் கொடுப்பார்கள். லைசென்ஸ் மட்டும் இவள் கொண்டுபோக வேண்டும். டெஸ்ட் தேதி வியாழக்கிழமை. அதைத் தவறவிட்டால் அடுத்த தேதி, வேலையில் சேர வேண்டிய நாளுக்கு அப்புறம்தான். அந்த இடத்துக்கு வேறு ஒரு பெண் காத்திருக்கிறாள் என்று கிளினிக்கிலேயே சொல்லிவிட்டார்கள்.

"எதிர்த்த தெரு ஸ்கூல்ல புது வண்டி இருக்குதுங்க. பாப்பா அங்க நாலு நாள் ஓட்டிப் பழகட்டுமே," என்றாள் வாத்தியாரின் மனைவி. உள்ளறையில் தையல் மெஷினில் உட்கார்ந்தபடி ஸ்கூலுக்கு வரும் போன்களையும் எடுக்கிறவள் அவள். யார் வருகிறார்கள், யார் ஏன் நின்றுபோனார்கள் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்.

வாத்தியார் குதித்தார். "வாத்தியார் மக இன்னொருத்தர் வண்டியில உக்காந்து கத்துக்கிட்டான்னு ஊர் பேசறதுக்கா? அந்த ஸ்கூல் நடத்துற பொம்பள யாரு? என்கிட்ட படிச்சது. சைக்கிளுக்குத்தான் லாயக்குன்னு நானே சொல்லி அனுப்பினேன். அதுக்கு ஒரு ஸ்கூலு, அதுக்கு ஒரு புதுக்காரு!"

"சைக்கிளுக்கு லாயக்கானவகிட்ட இப்ப வாசல் வரைக்கும் ஆள் நிக்குது. நம்ம வாசல்ல தண்ணிதான் நிக்குது," என்றாள் மனைவி.

தண்ணீர் என்று அவள் சொன்னது சும்மா இல்லை. அது பழைய கதை.

முன்பு ஒரு மழைக்காலத்தில், வாத்தியார் உட்காருகிற பக்கத்து இருக்கையின் கீழே மிதியடி நனைந்திருந்தது. நடந்தது இவ்வளவுதான்: வாசல் மரத்துச் சருகெல்லாம் வைப்பருக்குக் கீழே இருக்கிற பள்ளத்தில் விழுந்து அடைத்துக்கொண்டது. வெளியே வழிய வேண்டிய மழைத்தண்ணீர் வழி இல்லாமல் உள்ளே இறங்கியது. ஒரு கைப்பிடிச் சருகை அள்ளிப் போட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் வாத்தியார் யார்? குனிவாரா? படிக்க வருகிறவர்களின் ஈரச் செருப்புதான் காரணம் என்று தீர்ப்புச் சொன்னார். அன்று முதல், அவரைத் தவிர எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் காரில் ஏற வேண்டும் என்று சட்டம் வந்தது. வெறுங்காலில் கிளட்சை மிதித்து மிதித்துப் பிள்ளைகளுக்குப் பாதம் காய்த்துப்போனது. மிதியடி காயவில்லை.

சட்டம் பலிக்கவில்லை என்றதும் அவருக்கு ஆராய்ச்சி செய்யும் ஆசை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பாயை விரித்துக் காருக்கு அடியில் படுத்தார். கொஞ்ச நேரத்தில், புதையலைக் கண்டவர் மாதிரி உள்ளேயிருந்து கத்தினார்.

"இங்க வந்து பாருடி! ஒவ்வொரு கதவுக்கும் அடியில ஓட்டை! வைப்பருக்குக் கீழ ஓட்டை! கம்பெனிக்காரன் எப்படி ஏமாத்தியிருக்கான் பாத்தியா? ரோட்டுத் தண்ணி இதுவழியாத்தான் மேல ஏறுது!"

"தண்ணி எப்பங்க மேல ஏறியிருக்கு? வெளிய போறதுக்கு விட்டிருப்பாங்க. பூந்தொட்டிக்கு அடியில ஓட்டை இல்லையா?"

"பூந்தொட்டியும் காரும் ஒண்ணா? தையல் மெஷினுக்கு எண்ணெய் போடறதோட உன் அறிவு நின்னுபோச்சு."

கடைக்குப் போய் சிலிக்கான் பசை வாங்கிவந்தார். துப்பாக்கி மாதிரி ஒரு கருவியில் மாட்டி, கண்ணில் பட்ட ஓட்டையை எல்லாம் பிதுக்கிப் பிதுக்கி அடைத்தார். கதவுக்கு அடியில், வைப்பர் பள்ளத்தில், தரையில், ஒன்று பாக்கி இல்லை. தண்ணீர் வெளியேற வைத்த வாசலை எல்லாம் தன் கையாலேயே பூட்டிவிட்டு, பசை ஒட்டிய விரலோடு தெருவில் போகிறவரை எல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒரு வாரம் அவருடைய பாடமே இதுதான். சிக்னலில் நிற்கும்போதுகூட ஓட்டைப் புராணம். படிக்க வந்த ஒரு புத்திசாலி, வீட்டுக்குப் போய்த் தன் அப்பா காரிலும் அடைத்துவிட்டானாம். அந்த வீட்டில் இவரை எப்படி வாழ்த்தினார்களோ.

அதற்குப் பிறகு அந்தக் காரில் ஒரு சத்தம் வந்தது. மழை பெய்து நின்ற மறுநாள் ஒரு திருப்பத்தில் வளைத்தால், கதவுக்குள் "களக், களக்" என்று தண்ணீர் குலுங்கும். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி.

"என்ன சார் சத்தம்?" என்று கேட்டால், "பெட்ரோல் டேங்க். புல் டேங்க் போட்டா அப்படித்தான் குலுங்கும். ரோட்டப் பாரு," என்பார். பெட்ரோல் கதவுக்குள் எப்போது போய்க் குடியேறியது என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. காலை வேளையில் கண்ணாடிகளில் உள்பக்கம் ஆவி படிந்து எதிரே வருகிற பேருந்துகூடத் தெரியாது. ஒரு கையில் துண்டை வைத்துத் துடைத்துக்கொண்டே கற்றுக்கொடுப்பார். வாடை போக வாசனைப் பொட்டலங்களை வாங்கித் தொங்கவிட்டார். இரண்டு நாற்றமும் கூட்டணி வைத்து ஆளைத் தூக்கிப்போட்டன.

மனைவியின் தம்பிக்கு டிங்கர் கடை. தகரம் தட்டி, நசுங்கினதை நிமிர்த்தி, பெயின்ட் அடிக்கிற தொழில். அவனும் ஒன்றும் வாய்மூடி ஆள் இல்லை. அக்காவைப் பார்க்க வரும்போதெல்லாம் காரைச் சுற்றிவந்து விரலால் தட்டுவான்.

"மாமா, அடியில சத்தம் சரியில்ல. கார்ப்பெட்டத் தூக்கிப் பாருங்க. கடைக்கு ஒருநாள் கொண்டாங்க."

"தட்டிப் பாத்துச் சொல்ல நீ என்ன டாக்டரா? போ மச்சான், உன் கடைக்கு ஆள் பிடிக்க என் வண்டிதான் கெடச்சுதா?"

"ஆள் பிடிக்கிறேனா? இந்த வண்டி என் கடை வாசல்ல நின்னா இருக்கிற ஆளும் ஓடிடுவான்."

இப்படி மாமனும் மச்சானும் மல்லுக்கு நிற்பார்களே தவிர, கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்க இரண்டு பேரில் ஒருவருக்கும் கை வரவில்லை.

புதன்கிழமை சாயங்காலம். மறுநாள் டெஸ்ட். கடைசியாக ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று மகளைக் கூட்டிக்கொண்டு வாத்தியார் புறப்பட்டார். பாலத்துச் சரிவில் கார் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே சிமெண்ட் கிடங்கிலிருந்து ஒரு லாரி பின்பக்கமாகவே ரோட்டுக்கு வந்தது. மகள் பார்த்துவிட்டாள். காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோனாள். வாத்தியாருக்கு அதற்குள் பொறுக்குமா?

கற்றுக்கொடுக்கிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் பெடல் இருக்கும், ஆபத்துக்கு அவர் மிதிப்பதற்கு. அந்தப் பெடலை முறுக்கியிருந்தது காரின் தரைத் தகரத்தில். அந்தத் தகரமோ வருஷக்கணக்கில் ஈரத்தில் ஊறித் துருப்பிடித்து, மேலே விரித்திருந்த கார்ப்பெட்டின் தயவில் தரை என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்தது. வாத்தியார் இருந்த பலத்தை எல்லாம் கூட்டி ஓங்கி மிதித்தார். டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி தரை பொத்துக்கொண்டது. பெடல் போயிற்று. பெடலைப் பிடித்திருந்த தகரம் போயிற்று. வாத்தியாரின் கால் முழங்கால் வரை உள்ளே போய், செருப்பும் கழன்று போயிற்று. குனிந்து பார்த்தால் இரண்டு காலுக்கும் நடுவே ரோடு ஓடுகிறது.

கார் லாரிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. மகள் தன் பிரேக்கை மிதித்து நிறுத்தியிருந்தாள்.

காலை மேலே இழுத்துக்கொண்டு வாத்தியார் கத்தினார். "ஏன் பிரேக் போடல?"

"போட்டேன்பா. அதனாலதான் நிக்குது," என்றாள் மகள். கை ஸ்டியரிங்கை விடவில்லை. "நீங்கதான் போடல."

வாத்தியாரின் கெண்டைக்காலில் தகரம் கிழித்து ரத்தம் வந்தது. மகள் தன் பையைத் திறந்து அப்பாவுக்குக் கட்டுப் போட்டாள். அப்புறம் டிங்கர் கடை மாமாவுக்குப் போன் செய்தாள். வண்டியைக் கட்டி இழுத்துப் போக மாமா வந்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அடக்கவில்லை.

ஒர்க்‌ஷாப் வாசலை மிதிக்காத கார், கயிற்றில் கட்டி இழுபட்டு மச்சான் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. சேதி கேட்டு வாத்தியாரின் மனைவியும் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்தாள். முதலில் மகளைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தாள். பிறகு புருஷனின் கட்டைப் பார்த்தாள். உயிருக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் வாயைத் திறந்தாள்.

"போன மாசமெல்லாம் அந்தப் பெடலுக்கு மேல காலை வச்சுக்கிட்டுத்தானே, நான் இருக்கேன் பயப்படாத, நான் இருக்கேன் பயப்படாதன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னீங்க? எதை நம்பிச் சொன்னீங்க?"

தம்பி இதற்குள் கதவின் அடியில் ஒரு கத்தியை விட்டுப் பசையைச் சீவி எடுத்தான். தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. பழுப்பாக, துரு கலந்து, கொட்டிக்கொண்டே இருந்தது. தரையெல்லாம் ஓடிப் பக்கத்துக் கடை வாசல் வரைக்கும் போயிற்று.

"மாமா, மீன் வளத்தீங்களா?" என்றான் தம்பி. "அடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேக்கக் கூடாது? நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்? வேலைன்னா சுத்தமா இருக்கணும். பூசி மெழுகக் கூடாது."

பெரிய நியாயவான் மாதிரி பேசிக்கொண்டே கதவுக்குக் கீழே இருந்த சட்டத்தைச் சுத்தியலால் தட்டினான். மேலே இருந்த பெயின்ட் உதிர்ந்தது. அதற்குக் கீழே, ஓட்டை மறைக்கப் பூசுகிற பட்டி கையகலத்துக்கு உதிர்ந்தது. அதற்குக் கீழே இரும்பு இருக்க வேண்டும். இரும்பைக் காணோம். ஓட்டைக்குள் கந்தல் துணியைத் திணித்து, அதன் மேல் பட்டியைப் பூசி, பெயின்ட் அடித்து மூடியிருந்தார்கள்.

"எந்த அயோக்கியப் பய பாத்த வேலை இது?" என்று துணியை உருவி எடுத்துப் போட்டான்.

அக்கா அதைக் குனிந்து எடுத்தாள். விரித்தாள். அழுக்கும் துருவும் ஏறிப்போன கட்டம் போட்ட துணி. பாதிச் சட்டை. காலர் ஓரத்தில் தையலைத் தடவிப் பார்த்தாள். தான் தைத்த தையல் அவளுக்குத் தெரியாதா?

"இது நான் உனக்குத் தச்ச சட்டைடா," என்றாள்.

அப்போதுதான் அவனுக்கே ஞாபகம் வந்தது போலும். வாத்தியார் வாங்குவதற்கு முன்னால், பழைய சொந்தக்காரன் விற்பதற்காகக் காரைக் கொண்டுவந்து பளபளப்பாக்கியது இவன் கடையில்தான். மாமா வாங்கும்போது, "வண்டி சுத்தம் மாமா, கண்ண மூடிக்கிட்டு எடுங்க" என்று சொன்னவனும் இவன்தான். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொன்னதில் மட்டும் பொய் இல்லை.

"அது... அப்ப தொழில் புதுசுக்கா..." என்று இழுத்தான்.

"நீ திணிச்ச, அவரு அடைச்சாரு. ரெண்டு பேரும் வாயால வண்டி ஓட்டுனீங்க. நடுவுல எம் பொண்ணு உக்காந்திருந்தா," என்றாள் அவள். அந்தச் சட்டையைத் தம்பி தோளிலேயே போட்டாள். "போட்டுக்க. இன்னும் கிழியல."

வாத்தியாருக்கு அந்த நேரத்திலும் ஆராய்ச்சி விடவில்லை. "ஒரு நல்ல பலகையா எடுத்து உள்ள போட்டு, நாலு ஓரமும் சிலிக்கான் வச்சுட்டா, நாளைக்கு டெஸ்ட்டுக்குத் தாங்கும்..." என்று மெதுவாக ஆரம்பித்தார்.

"அப்பா," என்றாள் மகள். அவர் நிறுத்திக்கொண்டார்.

டெஸ்ட்டுக்கு அவரவர்தான் கார் கொண்டுபோக வேண்டும். காலையில் கார் இல்லை என்றால் டெஸ்ட் இல்லை, லைசென்ஸ் இல்லை, வேலை இல்லை. எதிர்த்த தெருவில் கார் இருக்கிறது. "நான் போய்க் கேக்கறேன்," என்று மகள் கிளம்பினாள். அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ ஏண்டி கேக்கணும்? ஓட்டைய அடைச்சவர் கேக்கட்டும்."

வாத்தியார் மகளைப் பார்த்தார். அவள் கையில் அவருடைய ரத்தம் காய்ந்திருந்தது. வீட்டுக்குப் போய்ச் சட்டையை மாற்றினார். தலையைச் சீவினார். கண்ணாடி முன்னால் நின்று ஏதோ சொல்லிப் பார்த்தார். பிறகு நொண்டி நொண்டி எதிர்த்த தெருவுக்குப் போனார். பின்னாலேயே தாயும் மகளும் போனார்கள். பாதி வழியில் திரும்பிவிடுவாரோ என்ற சந்தேகம்தான்.

அந்த ஸ்கூலை நடத்துகிற புதுக்கார் மேடம் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும், "வாங்க சார்," என்று மறுபடி திறந்து விளக்கைப் போட்டாள்.

வாத்தியார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "இந்தப் பக்கமா வந்தேன். நம்ம வண்டி சர்வீசுக்குப் போயிருக்கு. சாதாரண சர்வீஸ்தான். அதான்..."

"அப்படியா சார்," என்ற மேடம் மேசைக்குக் கீழே குனிந்து ஒரு பையை எடுத்து வைத்தாள். "பாலத்துச் சரிவுல கிளாஸ் எடுத்துட்டு வந்தேன். ரோட்டு நடுவுல கெடந்துச்சு. யாரு டயரையாவது கிழிச்சுடப் போகுதுன்னு எடுத்துட்டு வந்தேன்."

பையில் பெடல் இருந்தது. அதில் ஒட்டியபடி ஒரு துண்டுத் தகரம். கூடவே ஒற்றைச் செருப்பு.

"செருப்பும் உங்களுதுதானே சார்?"

வாத்தியார் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி பின்னாலிருந்து ஒரு வார்த்தை எடுத்துக்கொடுக்கவில்லை. நன்றாக நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"வண்டி வேணும்," என்றார் கடைசியில். "பாப்பாவுக்கு. நாளைக்கு டெஸ்ட்டு. என் வண்டி... ஆகாது. என்னாலதான்."

மேடம் டைரியைத் திறந்து மறுநாள் தேதியில் ஒரு கோடு போட்டாள். "தரேன் சார். காலையில நானே எடுத்துட்டு வர்றேன். ஆனா நீங்க அதுல ஏறக் கூடாது."

"ஏன்? நான் ஒண்ணும்..."

"உங்க பக்கத்துல உக்காந்து ஓட்டுனப்ப எனக்குக் கை நடுங்கும் சார். நல்லாத்தான் ஓட்டுவேன், நீங்க உக்காந்தா நடுங்கும். அவளுக்கு நாளைக்கு நடுங்க வேணாம்."

வாத்தியார் பையை எடுத்துக்கொண்டார். சரி என்று வாயால் சொல்லவில்லை. தலையை ஆட்டினார். அவர் வரையில் அதுவே பெரிய காரியம்.

மறுநாள் லைசென்ஸ் ஆபீஸ் மைதானத்துக்கு வெளியே, கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு வாத்தியார் நின்றார். மகள் வளைவில் வளைத்தாள், மேட்டில் நிறுத்தி எடுத்தாள், பின்னால் எடுத்துக் கோட்டுக்குள் விட்டாள். கார் ஒரு சத்தம் போடவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் வாத்தியாரின் வலது கால் மட்டும் தரையை மிதித்து மிதித்துப் பள்ளம் பறித்தது. முடிந்து அதிகாரி கையெழுத்துப் போட்டதுதான் தாமதம், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம், "என் ஸ்டூடண்டு. பிரேக்க எப்ப மிதிக்கணும்னு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்," என்றார்.

"எப்படி மிதிக்கக் கூடாதுன்னும் சொல்லிக்கொடுத்தாரு. செய்முறை விளக்கத்தோட," என்றாள் மனைவி அதே மனிதரிடம்.

கிளினிக்கில் அதிகாரி கொடுத்த காகிதத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். நீயே ஓட்டிக்கொண்டு போ என்று மேடம் மகளிடமே சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா பின்னால் ஏறினாள். ஓர் இடம் பாக்கி இருந்தது. டெஸ்ட் முடிந்துவிட்டதால் மேடம் ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

வாத்தியார் உடனே ஏறவில்லை. அடிபட்ட காலை ஊன்றி, அத்தனை வருஷத்தில் முதல்தடவையாக ஒரு காருக்கு முன்னால் குனிந்தார். கையை உள்ளே விட்டு மிதியடியைத் தூக்கினார். அதன் கீழே இருந்த கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்தினார். விரலை மூக்கில் வைத்து முகர்ந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் பெரிய ஏமாற்றம்.

"காஞ்சுதான் இருக்கு," என்றார், குறை சொல்கிற குரலில்.

"ஏறுறீங்களா, நடந்து வர்றீங்களா?" என்றாள் மனைவி.

ஏறினார். மகள் காரை எடுத்தாள்.